கிட்டப்பாவின் சுருதியும் பம்பலப்பிட்டி நண்பரின் ஒலிப்பெட்டியும்

பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் நீண்டகால நண்பர் ஒருவர் வசிக்கின்றார். ஓய்வுபெற்ற பொறியியலாளர். இசைப் பிரியர். அண்மையில் அவர் வெளிநாட்டிலிருந்து ஒரு சிறிய கறுப்புப் பெட்டியை வரவழைத்திருந்தார். கணினியிலும் இறுவட்டிலும் எண்களாக உறங்கும் இசையை மின்னலைகளாக மாற்றி, ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி அது. 'டாக்' என்று சுருக்கமாக அழைப்பார்கள். இக்கட்டுரையில் அதனை 'மாற்றி' என்றே குறிப்பிடுகின்றேன். அதன் விலையைக் கேட்டபோது நான் ஒரு கணம் பேசாதிருந்தேன்.

"ஐசே, காசைக் கரியாக்கிப்போட்டன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்" என்றார் நண்பர்.

அவருடைய கவலை மாற்றியைப் பற்றியதல்ல. அதற்குள் எதன் வழியாக எண்களை அனுப்புவது என்பதே அவரது பிரச்சினை. பழைய இறுவட்டு இயக்கியிலிருந்து அனுப்பினால் ஒலி கனிவாக இருப்பதாகவும், மடிக்கணினியிலிருந்து அனுப்பினால் அதே பாடல் வறண்டு ஒலிப்பதாகவும் அவர் நம்பினார். எண்கள் எண்கள்தாமே, ஒன்று ஒன்றாகவும் பூச்சியம் பூச்சியமாகவும் போய்ச் சேர்ந்தால் எதனூடாகச் சென்றால் என்ன என்று நான் கேட்டேன். அன்று மாலை தொடங்கிய விவாதம் இரவு வரை நீண்டது. அதன் முடிவில் நாங்கள் இருவரும் எதிர்பாராத ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தோம். அதைச் சொல்வதற்கு முன்னர் இந்த விவாதத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்பது நல்லது.

ஒலியை எண்களாக மாற்றலாம் என்ற எண்ணம் கணினிக்கு முந்தியது. 1937இல் பாரிஸில் பணியாற்றிய அலெக் றீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் இதற்கான வழியை வகுத்தார். தொலைபேசிக் கம்பியில் குரல் நெடுந்தூரம் செல்லும்போது இரைச்சலும் கூடவே பெருகிவந்தது. அலையை அனுப்பாமல் அலையின் உயரத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து, அந்த எண்களை மட்டும் அனுப்பினால் வழியில் சேரும் இரைச்சல் எண்களைப் பாதிக்காது என்பதே அவரது சிந்தனை. எத்தனை தடவை அளந்தால் போதும் என்ற கேள்விக்குரிய கணித அடித்தளத்தை ஹரி நைக்குவிஸ்ட் 1928இலும், குளோட் ஷனன் 1940களின் இறுதியிலும் இட்டனர். கேட்கவேண்டிய அதியுயர் அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் அளந்தால் இழப்பின்றி அலையை மீட்டெடுக்கலாம்.

இந்தக் கணக்கின்படியே 1982 ஒக்டோபரில் யப்பானில் விற்பனைக்கு வந்த இறுவட்டில் ஒலி நொடிக்கு 44,100 தடவை, 16 பிட் நுட்பத்தில் அளக்கப்பட்டது. மனிதச் செவியின் எல்லையான 20,000 ஹேர்ட்ஸுக்கு இது போதுமானது. தட்டில் கீறல் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவர்கள் வழி வைத்திருந்தார்கள். றீட், சொலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்த முறையைத் தழுவி, ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் நீளத்துக்குத் தரவு அழிந்தாலும் அதனை முழுமையாக மீட்கும் ஏற்பாடு தட்டிலேயே உண்டு. ஆக, நல்ல நிலையிலுள்ள இறுவட்டிலிருந்து வெளிவரும் எண்களும், அதே தட்டை முறையாகக் கணினியில் பிரதிசெய்து பெறும் எண்களும் ஒன்றே.

அப்படியாயின் நண்பர் சொன்னது வெறும் மனப்பிரமையா? அவ்வாறு சட்டென்று தள்ளிவிடவும் முடியாது. 1980களின் பிற்பகுதியில் இறுவட்டு இயக்கியையும் மாற்றியையும் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து விற்கத் தொடங்கினார்கள். அப்போது ஒரு புதிய சிக்கல் பிறந்தது. எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது சரியான கணத்தில் ஒலியாக மாற வேண்டும். தாளக்காரர் எல்லா அடிகளையும் எண்ணிக்கை தவறாமல் போட்டாலும், ஓரடி முந்தியும் ஓரடி பிந்தியும் விழுந்தால் கச்சேரி கெடும் அல்லவா? அதுபோன்ற காலத் தடுமாற்றத்தை 'ஜிற்றர்' என்று அழைத்தார்கள். இயக்கியையும் மாற்றியையும் இணைத்த ஒற்றைக் கம்பியில் எண்களோடு காலக் கணிப்பும் சேர்ந்தே வந்தது. மாற்றி தன் கடிகாரத்தை இயக்கியைப் பார்த்தே ஓட்டவேண்டியிருந்தது. எனவே மூலக் கருவி தடுமாறினால் மாற்றியும் தடுமாறியது. அந்நாளைய ஒலிப் பிரியர்களின் முறைப்பாட்டில் நியாயம் இருந்தது என்று இதனால்தான் சொல்கின்றேன்.

ஆனால் அந்தத் தடுமாற்றம் எவ்வளவு இருந்தால் செவிக்குத் தெரியும்? 1998இல் டொல்பி நிறுவனத்தைச் சேர்ந்த பெஞ்சமினும் கனனும் நடத்திய பரிசோதனையில், இசையைக் கேட்கும்போது சுமார் 20 நனோ நொடிக்குக் குறைந்த தடுமாற்றத்தை எவராலும் இனங்காண முடியவில்லை. ஒரு நனோ நொடி என்பது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. 2005இல் யப்பானிய ஆய்வாளர் அஷிஹாராவும் சகாக்களும் செய்த ஆய்வில், ஒழுங்கற்ற தடுமாற்றமாயின் பயிற்சி பெற்ற செவிகளுக்குக்கூட அது பல நூறு நனோ நொடியாக இருந்தாலே புலப்பட்டது. இன்றைய சாதாரண கருவிகள் இந்த எல்லைக்கு வெகு கீழே இயங்குகின்றன. அதைவிட, யூஎஸ்பி வழியாக இணையும் இன்றைய மாற்றிகள் பலவற்றில் நிலைமை தலைகீழாகிவிட்டது. மாற்றி தன் கடிகாரத்தின்படி எண்களைக் கேட்டு வாங்குகின்றது, கணினி கேட்டதைக் கொடுக்கின்றது. கணினியின் மின்னிரைச்சல் கம்பி வழியாக ஊடுருவுவது சில அமைப்புகளில் உண்மையான தொல்லைதான். அது கேட்கும்போது உறுமலாகவோ சீறலாகவோ கேட்கும். 'கனிவு', 'வறட்சி' போன்ற நுட்பங்களாகக் கேட்பதில்லை.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் பொறியியலாளர் அல்லவா, சோதித்தே பார்ப்போம் என்றார். ஒரே இறுவட்டு இயக்கியில் சுழன்றது. அதன் பிரதி மடிக்கணினியில் ஓடியது. இரண்டும் அதே மாற்றிக்குள் சென்றன. நண்பரின் மகன் எங்களுக்கு முதுகுகாட்டி நின்று, நாணயத்தைச் சுண்டிப்பார்த்து, ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தெரிவுசெய்தார். நண்பர் கண்களை மூடிக்கொண்டு விடை சொன்னார். 20 தடவைகளில் 11 சரி. நாணயத்தைச் சுண்டினாலே 10 வரும். இடையில் இரு தடவை கரையோரப் புகையிரதம் ஊதிக்கொண்டு சென்றது. அந்த நேரத்தில் எந்த மாற்றியும் எங்களுக்கு உதவவில்லை.

உலகளாவிய அனுபவமும் ஏறத்தாழ இதுவே. 2007இல் அமெரிக்காவின் மேயரும் மொரனும், இறுவட்டைவிட உயர்ந்த நுட்பத்தில் பதிவான இசையையும், அதே இசையை இறுவட்டுத் தரத்துக்கு இறக்கியதையும் ஒப்பிட்டுக் கேட்கச் செய்தனர். 554 சோதனைகளில் 276 விடைகள் சரியாக அமைந்தன. அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவு. 2016இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா றீஸ் இத்தகைய 18 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது சரியான விடைகள் 52.3 வீதம் என்று கண்டார். பயிற்சி பெற்றவர்களிடம் அது சற்று உயர்ந்திருந்தது. வேறுபாடு அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்குமாயின் அது மிக மிகச் சிறியது.

நண்பர் சற்று மனம் தளர்ந்தார். அந்தத் தளர்ச்சியைப் போக்குவதற்காக, வன்தட்டில் சேர்த்து வைத்திருந்த பழைய இசைத்தட்டுப் பாடல்களைப் போடுமாறு கேட்டேன். அவர் எஸ். ஜி. கிட்டப்பாவைப் போட்டார். கதை திரும்பியது இவ்விடத்திலேதான்.

கிட்டப்பாவுக்கும் கொழும்புக்கும் உள்ள உறவைத் தமிழ் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1906இல் செங்கோட்டையில் பிறந்த அவர் நாடக மேடையில் உயர்ந்த சுருதியில் பாடிப் புகழ்பெற்றார். 1926இல் கொழும்பு நாடக மேடையிலே அவரும் கே. பி. சுந்தராம்பாளும் சந்தித்தனர். மறு ஆண்டு அவர்கள் மணம் புரிந்தனர். 1933 டிசெம்பரில், தமது 27ஆவது வயதில் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாள் 1980 வரை வாழ்ந்தார். திரையிலும் வானொலியிலும் அவரது குரல் பலவாறு பதிவாகியது. கிட்டப்பா எந்தத் திரைப்படத்திலும் தோன்றவில்லை. அவருடைய குரல் எஞ்சியிருப்பது பத்து அங்குல இசைத்தட்டுகளில் மட்டுமே. பக்கம் ஒன்றுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். அரக்கினால் செய்த அந்தத் தட்டு கீழே விழுந்தால் உடையும்.

நண்பரிடம் அவரது ஒரே பாடல் மூன்று கோப்புகளாக இருந்தது. ஒன்று உறவினர் கனடாவிலிருந்து அனுப்பியது. மற்றொன்று காலி வீதியில் 2000களின் தொடக்கத்தில் வாங்கிய எம்பி3 தட்டிலிருந்து வந்தது. மூன்றாவது இணையத்திலிருந்து இறக்கியது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டோம். இப்போது கண்ணை மூடவும் தேவையில்லை, நாணயம் சுண்டவும் தேவையில்லை. ஒன்றில் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. மற்றொன்றில் இரைச்சலை நீக்குகின்றோம் என்று குரலின் கார்வையையும் சேர்த்துச் சுரண்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றும் மூன்று சுருதியில் ஒலித்தன. நண்பரின் மனைவி உள்ளிருந்து சுருதிப் பெட்டியை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். மிகத் தாழ்ந்ததற்கும் மிக உயர்ந்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒரு சுரஸ்தானம் வித்தியாசம்.

இது எப்படி நேர்கின்றது? 78 சுற்று என்று நாம் சொல்லும் தட்டுகள் யாவும் நிமிடத்துக்குச் சரியாக 78 முறை சுழலும்படி பதியப்பட்டவை அல்ல. ஆரம்பகாலத்தில் கம்பனிக்குக் கம்பனி, சில வேளை ஒலிப்பதிவுக்கு ஒலிப்பதிவு வேகம் மாறியது. 80 சுற்றில் பதிந்த தட்டை 78 சுற்றில் ஓடவிட்டால் சுருதி குறையும். அந்தக் குறைவு, அடுத்தடுத்த இரு சுரஸ்தானங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் ஏறத்தாழப் பாதி. கிட்டப்பா எத்தனை கட்டையில் பாடினார் என்று இன்று வாதாடுவோர், அவர் பாடியதைப் பற்றி வாதாடுகின்றார்களா, அல்லது எவரோ ஒருவர் தட்டைச் சுழற்றிய வேகத்தைப் பற்றி வாதாடுகின்றார்களா? ஆர்மோனியம் துணைநிற்கும் தட்டுகளில் அதன் நிலையான சுரங்களைக் கொண்டு சரியான வேகத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் அதற்கு மூலத் தட்டு கையில் இருக்க வேண்டும்.

வேகம் மட்டுமல்ல. அந்தத் தட்டுகளின் பள்ளம் அகலமானது. நீண்ட நேரம் ஓடும் பிற்காலத் தட்டுகளுக்குரிய நுண்ணிய ஊசியை அதில் வைத்தால் அது பள்ளத்தின் அடியிலுள்ள குப்பையைத்தான் வாசிக்கும். ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனான ஊசி வேண்டும். 1954 அளவில் உலகம் ஏற்றுக்கொண்ட தொனிச் சமன்பாட்டை அதற்கு முந்திய தட்டுகளுக்குப் பிரயோகித்தால் குரலின் நிறமே மாறிவிடும். இத்தனையையும் கவனித்து எண்களாக்கிய பின்னரும் எம்பி3 என்ற கத்தி காத்திருக்கின்றது. இறுவட்டில் நொடிக்கு 1,411 கிலோபிட் இருக்கும் இடத்தில், ஒரே தட்டில் 150 பாடல்களை அடக்கிய அந்நாளைய எம்பி3 தட்டுகளில் 128 கிலோபிட் மட்டுமே இருந்தது. பதினொன்றில் ஒரு பங்கு. செவி கவனிக்காது என்று கருதும் பகுதிகளைக் கழித்து விடுவதே அந்த முறை. புதிய, சுத்தமான பதிவில் அது பெரும்பாலும் வெற்றி பெறும். ஆனால் கரகரப்பு நிறைந்த பழைய தட்டில், கரகரப்பைப் பதிவதற்கே பிட்டுகள் செலவாகிக் குரலுக்கு மிஞ்சுவது குறைகின்றது. பின்னர் எவரோ அந்த எம்பி3ஐ எடுத்து மீண்டும் இறுவட்டாக எழுதி விற்பார். பெயர் இறுவட்டு, அளவும் இறுவட்டு. போனது போனதுதான்.

ஆக, டிஜிட்டல் மூலத்தின் தரம் ஒலியைப் பாதிக்குமா என்ற நண்பரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பாதிக்கும், மிகவும் பாதிக்கும். ஆனால் அவர் தேடிய இடத்தில் அல்ல. எண்கள் பிறந்த பின்னர் அவை எந்தக் கம்பியில் பயணித்தன என்பதில் விடயம் மிகச் சொற்பம். எண்கள் பிறந்த அந்த முதற்கணத்தில் யார், எந்த ஊசியால், எந்த வேகத்தில், எவ்வளவு அக்கறையுடன் அளந்தார் என்பதிலேயே எல்லாம் தங்கியுள்ளது. விலையுயர்ந்த மாற்றி அந்த முதற்கணத்தின் தவற்றைத் திருத்தாது. அதனைத் துல்லியமாக ஒலிக்கச் செய்யும், அவ்வளவே.

இதைச் சொல்லும்போது எங்கள் வானொலியை நினையாதிருக்க முடியவில்லை. கொழும்பில் நடந்த முதலாவது ஒலிபரப்புப் பரிசோதனையே ஓர் இசைத்தட்டை ஒலிக்கவிட்டதுதான். எட்வேட் ஹார்ப்பரின் தலைமையில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டு அனுப்பி ஒன்றைச் செய்து, மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசையைக் காற்றில் ஏற்றினார்கள். 1925 டிசெம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. போருக்குப் பின்னர், 1949இல், நேச நாட்டுப் படைகளின் வானொலி நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்து 'றேடியோ சிலோன்' ஆனது. 1952இல் இந்தியாவில் அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடல்களுக்கு அகில இந்திய வானொலியின் கதவைச் சாத்தியபோது, மயில்வாகனனின் குரலோடு தமிழகத்து வீடுகளுக்குள் நுழைந்தது இந்த நிலையம்தான். சிற்றலையில் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் ஒழுங்காகக் கேட்காது. அலை ஏறி இறங்கும். இருந்தும் அந்தப் பாடல்களை நேசித்தவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். நேயர்களுக்கு அந்த ஒலித் தரம் ஒரு தடையாக இருக்கவில்லை.

ஆனால் கேட்பது வேறு, காப்பது வேறு. நேயர் மன்னிக்கும் குறையை ஆவணக் காப்பாளர் மன்னிக்கலாகாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏடுகளின் இழப்பைப் பற்றிப் பேசினோம், இன்றும் பேசுகின்றோம். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழர் வீடுகள் எரிந்தபோது, அலுமாரிகளில் இருந்த இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் எத்தனை எரிந்தன என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. என் நண்பரின் தகப்பனார் சேர்த்து வைத்திருந்த தட்டுகளும் அவ்வாறே போயின. கிட்டப்பாவின் தட்டுகளும் அவற்றுள் இருந்தன. எரிந்துபோன அந்தத் தட்டுகளின் ஒலியைத்தான் அவர் இத்தனை விலை கொடுத்துத் தேடிக்கொண்டிருக்கின்றார் என்பது அன்றிரவுதான் எனக்குப் புரிந்தது.

ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கம் 2004இல் வெளியிட்டு 2009இல் திருத்திய வழிகாட்டி, பழைய ஒலியை எண்களாக்கும்போது குறைந்தது நொடிக்கு 48,000 தடவை, 24 பிட் நுட்பத்தில் அளக்க வேண்டும் என்கின்றது. கேட்பதற்கு இறுவட்டுத் தரம் போதும் என்று மேலே சொன்ன நானே இதையும் ஆதரிக்கின்றேன். காரணம், காப்பகத்துக்காக அளப்பவருக்கு மறுவாய்ப்பு இல்லை. 2015இல் அவுஸ்திரேலியத் தேசிய திரைப்பட, ஒலிக் காப்பகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2025க்குள் எண்களாக்கப்படாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவை மீட்கமுடியாதவையாகிவிடும் என்பதே அது. நாடா மட்கும், அதைவிட விரைவாக நாடா இயக்கிகளும் அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்களும் மறைவார்கள். அந்தக் கெடுவை நாம் எட்டிவிட்டோம்.

புலம்பெயர்ந்த வாசகர்கள் பலரது வீடுகளில் ஊரிலிருந்து வந்த ஒலிநாடாக் கடிதங்கள் இருக்கும். அப்பு, ஆச்சியின் குரல், கோயில் திருவிழாவின் நாதஸ்வரம், மேடையேறிய நாட்டுக்கூத்து, வானொலியிலிருந்து பதிந்த நாடகம் ஆகியன அவற்றில் இருக்கும். அவற்றை எம்பி3 ஆக்கிவிட்டுக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சுருக்காத கோப்பாக, 24 பிட்டில் ஒருமுறை ஒழுங்காகப் பதியுங்கள். இரைச்சலை நீக்குவதாயின் பிரதியில் நீக்குங்கள், முதற் பதிவைத் தொடாதீர்கள். எந்தத் தட்டு, எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த வேகம் என்று எழுதி வையுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றோரிடம் ஒரு பிரதியைச் சேருங்கள். மூலத் தட்டையும் நாடாவையும் உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்துங்கள். நம்மைவிட நல்ல ஊசியும் நல்ல செவியும் உடைய ஒருவர் நாளை வரக்கூடும்.

நண்பர் அந்த மாற்றியைத் திருப்பி அனுப்பவில்லை. நல்ல கருவிதான், இருக்கட்டும் என்றார். ஆனால் அதற்குப் புதிய கம்பி வாங்கவென்று ஒதுக்கிய பணத்தில், பருமனான ஊசி பொருந்திய, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தட்டுச்சுழற்றி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கின்றார். கொட்டாஞ்சேனையில் ஒரு முதியவரிடம் கிட்டப்பாவின் தட்டு ஒன்று உடையாமல் இருப்பதாகச் செய்தி கிடைத்திருக்கின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகின்றோம். சுருதிப் பெட்டியையும் கொண்டுபோகும்படி அவரது மனைவி சொல்லியிருக்கின்றார்.